ஏழு சித்திர நாவல்களையும் உடனே திரும்ப எடுத்துச் செல்லவும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இருபது வருடமாக லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருப்பவனுக்கு அளவைத் தப்பாகச் சொல்லிப் பழக்கமில்லை. உன் அக்காவின் கண் வீங்கியிருக்கிறது, என் மானம் போய்விட்டது, உன் மருமகள், அதாவது நான் பெற்ற செல்வம், வாயைத் திறப்பதில்லை. நீ சௌக்கியமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. புத்தகப் பார்சலை அனுப்பிவிட்டு நூலகத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை? இதை ஏன் போனில் சொல்லவில்லை என்றால், நான் பேசும்போது நீ போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வாய் என்று உன் அக்கா உளறிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, "பாப்பா க்ளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கறா சார். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடக் கையத்தான் தூக்கறா" என்றார். பத்து வயதுப் பெண் இப்படி இருந்தால் பெற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? நாலு நல்ல கதைப் புத்தகம் இருந்தால் வாய்விட்டுப் படிக்க வைக்கலாம், பேச்சு தானாக வரும் என்று உன்னிடம் கேட்டேன். நீ அனுப்பியது என்ன? ஏழு படப் புத்தகம்! "இளம் வாசகர்கள் தேடிக் கண்டெடுக்க வேண்டிய சித்திர நாவல்கள், அத்தான்" என்று மேலே ஒரு சீட்டு வேறு. தேடவே வேண்டியதில்லையப்பா. குளியலறை ஜன்னலில் ஒன்று, ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று, என் தலையணைக்கு அடியில் முனை குத்துகிற மாதிரி ஒன்று, என் டிபன் பையில் ஒன்று. பட்டறையில் சாப்பிடலாம் என்று பைக்குள் கையை விட்டவன், நாலு ஆப்பரேட்டர்களுக்கு முன்னால் அட்டைப்படத்து ஆக்டோபஸ் தபால்காரனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டுக் கையிலும் எட்டுக் கடிதம். அன்றிலிருந்து பட்டறையில் எனக்குப் பெயர் "போஸ்ட்மேன் சார்".

அதிலும் ஒரு புத்தகத்தில் மருந்துக்குக்கூட ஒரு எழுத்து இல்லை. நூற்று அறுபது பக்கமும் ஒரு நத்தை சுவரில் ஏறுகிறது. பேசாத குழந்தைக்குப் பேசாத புத்தகம்! நான் வயிற்றெரிச்சலில் கத்திக்கொண்டிருக்க, அதைப் பிடுங்கிப் புரட்டிய உன் அக்கா நூற்றுப் பத்தாம் பக்கத்தில் விசும்ப ஆரம்பித்தாள். பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. "என்ன ஆச்சு?" என்று பதறினால், "மழை வருதுங்க" என்கிறாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை நத்தைக்காம்!

சரி, இருப்பதில் எழுத்து அதிகமுள்ளதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு அப்பாவும் அவர் மகளும். வேலை முடிந்து வந்ததும் உன் மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலைக்கு மேல் குமிழ் குமிழாக எழுதியிருந்ததை எல்லாம் தினமும் நானே குரல் கொடுத்துப் படித்தேன். என் குரல் உனக்குத் தெரியும், நாலு லேத் ஓடும்போது ஐந்தாவது லேத்காரனுக்குக் கேட்கிற குரல். மூன்றாம் பக்கத்திலேயே அந்தப் பெண் அப்பனைப் பார்த்து, "உங்களுக்குக் காது எதுக்கு இருக்கு?" என்கிறாள். ஏழாம் பக்கத்தில், "கடிகார முள்ளு அசையறது தெரியுது, நான் அழுதது தெரியலயா?" என்கிறாள். அந்த அப்பனோ மரக்கட்டை மாதிரி டீ குடிக்கிறான்! எனக்கு ரத்தம் கொதித்தது. புத்தகத்தை மூடிவிட்டு, பெற்றவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உன் மருமகளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு, "முதுகெலும்பே இல்லாத ஆளு சார் இவன்" என்று சொல்லிப் படித்தும் காட்டினேன். அவரும் பாவம், தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் உன் மருமகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அவ அதெல்லாம் சொல்லவே இல்லப்பா. குமிழுக்கு வால் இருந்தாத்தான் பேசறது. மேகம் மாதிரி இருந்து, கீழ குட்டிக் குட்டி வட்டமா இருந்தா மனசுக்குள்ள நெனைக்கிறது." புரட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பது பக்கமும் மேகம்தான். அந்தப் பெண் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மனசுக்குள் வைத்திருந்ததை எல்லாம் ஐந்து நாளாகத் தெருவுக்கே ஒலிபரப்பியவன் நான்! தையல்காரர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? தேடிக் கண்டெடுக்கச் சொல்லத் தெரிந்த உனக்கு, வாலைப் பார்த்துப் படிக்கச் சொல்லத் தெரியாதா? அதே சீட்டில் இன்னொரு வரி எழுத உனக்கு என்ன கேடு?

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நேற்று டீச்சர் மறுபடி கூப்பிட்டார். 'என் வீடு' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னாராம். உன் மருமகள் உன் புத்தகங்களைப் பார்த்த தைரியத்தில், கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆறு கட்டம். ஆறிலும் நான். மீசை அச்சு அசலாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வாயிலிருந்து கிளம்புகிற குமிழ் இருக்கிறதே, அது முதல் கட்டத்தில் ஃபேனை மறைக்கிறது, மூன்றாவதில் அலமாரியை மறைக்கிறது, ஐந்தாவதில் உன் அக்காவைக் கழுத்துவரை மறைத்துவிட்டது. ஆறாவதில் குமிழுக்கு அடியில், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். தலைக்கு மேலே மூன்று குட்டி வட்டம். அதற்கு மேல் மேகம் இல்லை. நான் அசடு வழிய, "முடிக்க மறந்துட்டா போல" என்றேன்.

"மறக்கல சார்," என்றார் டீச்சர். "நானும் கேட்டேன். 'இடம் இல்ல மிஸ்'னு சொன்னா."

இந்த வருடம் உன் மருமகள் வகுப்பில் பேசிய முதல் வாக்கியமாம் அது. என் முகத்தில் ஈயாடவில்லை. வலிக்கிறதப்பா, வேறென்ன சொல்ல. இவள் பேசாத பிள்ளை என்று இத்தனை நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எல்லாம் உன்னால் வந்த வினை. உன் புத்தகங்கள் வரும்வரை இந்த வீட்டில் நான் நல்ல அப்பாவாக இருந்தேன்! ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு எடுத்துக்கொண்டு வா, ஏழு புத்தகத்தையும் கட்டித் தூக்கிக்கொண்டு போ. வராவிட்டால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே.

கோபம் வேறு, ஆசி வேறு. நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் பெற்று நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்கு அத்தான் ஆனவன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உன் மருமகளிடம், "மாமாவுக்கு நீயும் ஏதாவது எழுதறியாம்மா?" என்று கேட்டு, அடியில் நாலு விரல் இடம் விட்டேன். பார்த்துவிட்டு, "இது பத்தாதுப்பா" என்றாள். தாள் கொடுத்தேன். ஒரு மணி நேரமாக எழுதுகிறாள், ஐந்தாவது தாள் ஓடுகிறது. எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்திருக்கிறேன். மேலே நான் எழுதியதெல்லாம் மேகத்துக்குள் இருந்ததாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கயிறு வேண்டாம், அடுத்த ஏழு புத்தகத்தைக் கொண்டு வா. அவள் எழுதியிருப்பது என்ன என்று எனக்குச் சொல்லாதே, ஆனால் ஒரு வரி விடாமல் படி. என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாலும் அவள் பக்கமே பேசு.