கழுத்தளவு நாகரிகம்

உலகத்துக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்து. இங்கிலாந்துக்கு அதைக் கற்றுக்கொடுத்தது டெல்மவுத் கடற்கரை. இதில் சந்தேகம் உள்ளவர்கள், சென்ற ஜூன் மாதத்துச் சனிக்கிழமை பிற்பகலில் கிளிஃபோர்ட் பெங்கெலிக்கு அங்கே நடந்ததைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள்.

கிளிஃபோர்ட், மாவட்டச் சாக்கடைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் யாரைப் பற்றியும் ஒரு புகார் சொல்லாமல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி மேவிஸுடன் மூன்று நாள் 'வெயில் காய' வந்திருந்தார். அதிசயமாக வெயிலும் வந்திருந்தது. பழக்கமில்லாத விருந்தாளி என்பதால் மொத்தக் கடற்கரையும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சட்டையைக் கழற்றியது.

மூன்று மணிக்கு மேவிஸ், மீன் வறுவல் வாங்குவதற்காக மேலே நடைபாதையில் இருந்த கடை வரிசையில் நிற்கப் போனார். கிளிஃபோர்ட் நகராட்சியின் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். முன்பின் தெரியாத இரண்டு சிறுமிகள் வந்து நின்றார்கள்.

“அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. உங்கள மண்ணுல புதைச்சுக்கலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் இவ்வளவு பணிவாகக் கேட்கிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

“தாராளமா, கண்ணுகளா.”

சிறுமிகளின் அப்பா காலையிலிருந்து ஒரு பெரிய பள்ளம் தோண்டி வைத்திருந்தார். ஏன் தோண்டினார் என்று யாரும் கேட்கவில்லை. கடற்கரைக்கு வந்த இங்கிலாந்து அப்பா வேறென்ன செய்வார்? அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று கிளிஃபோர்ட் தாமே நாற்காலியை உள்ளே இறக்கி, அதில் அமர்ந்துகொண்டார். அப்பா மண்ணைத் தள்ளிக் கழுத்துவரை கெட்டியாக மிதித்துவிட்டார்.

“வசதியா இருக்குங்களா?”

“ரொம்ப வசதி. நன்றிங்க.”

ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டது. குடும்பம் போய்விட்டது. கடல் வந்தது.

முதல் அலை முகவாயைத் தொட்டபோது ஒருவர் நாயோடு அந்தப் பக்கம் வந்தார்.

“அருமையான வெயில், இல்லீங்களா?”

“அருமைங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல,” என்றது தலை.

அவர் போனபிறகு கிளிஃபோர்ட் அடுத்த அலையைப் பார்த்தார். சாகப் போகிறோம் என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் 'உதவி' என்ற சொல்லைக் கண்ணியமான மனிதன் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. முதலில் மன்னிப்பு, பிறகு தொந்தரவுக்கு வருத்தம், பிறகு வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காவதாகத்தான் அது வரலாம். டீக்கோப்பையோடு வந்த ஒரு முதிய சீமாட்டியிடம் முறைப்படி ஆரம்பித்தார்.

“மன்னிக்கணும்ங்க… உங்கள தொந்தரவு பண்றேன்… வெயில் வேற நல்லா அடிக்குது… உங்களுக்கு நேரம் இருந்தா மட்டும்…”

நான்காவதற்கு முன் அலை வாய்க்குள் புகுந்துவிட்டது. சீமாட்டி சற்றுக் காத்திருந்தார்.

“பாவம், தனியா இருக்கணும்னு ஆசைப்படுறார் போல. நாம ஏன் நடுவுல?” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

வரிசையிலிருந்து மேவிஸ் கணவரின் தலையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் பதினோரு பேர். பின்னால் இருபது பேர். இடத்தை விட்டு வருவது நடக்கிற காரியமா?

“கிளிஃபோர்ட்! எல்லாம் சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு மேவிஸ்! வினிகர் கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லு!”

சொல்லி முடித்ததும் தம் நாக்கைத் தாமே கடித்துக்கொண்டார். அடுத்த அலை மூக்குவரை வந்துவிட்டுப் போனது.

மணி ஐந்து. நாற்காலிகளுக்குப் பொறுப்பான ட்ரெவர் கையில் பட்டியலோடு வந்தார். இருநூற்றுப் பதினான்காம் எண் நாற்காலியைக் காணவில்லை.

“சார், உங்ககிட்ட ஒரு நாற்காலி குடுத்தேனே, எங்க?”

“மன்னிக்கணும்… எனக்கு அடியில இருக்கு.”

ட்ரெவரின் முகம் வெளுத்தது. “உப்புத் தண்ணியிலயா? ஐயையோ, நகராட்சிச் சொத்தாச்சே! ஓடி வாங்க! எல்லாரும் ஓடி வாங்க!”

விசில் பறந்தது. நாய்க்காரர் நாயை விட்டுவிட்டு ஓடி வந்தார். சீமாட்டி டீக்கோப்பையாலேயே மண்ணை அள்ளினார். பள்ளத்தின் தந்தை மண்வெட்டியோடு பாய்ந்தார். மேவிஸ்கூட வரிசையை விட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கே நிமிடத்தில் நாற்காலியை மீட்டுவிட்டார்கள். அதில் கிளிஃபோர்டும் இருந்தார்.

“துணி கிழியலையே?”

“கட்டை ஊறியிருக்கும். துடைங்க, சீக்கிரம் துடைங்க!”

யாரோ தம் துண்டையே நாற்காலிக்குப் போர்த்தினார்கள். கைதட்டல் எழுந்தது. காதில் கடற்பாசி தொங்க, கிளிஃபோர்ட் நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மன்னிப்பு இல்லாமல், வருத்தம் இல்லாமல், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொன்னார்:

“நான் செத்திருப்பேன்.”

கைதட்டல் நின்றது. நாய்க்காரர் தொடுவானத்தை ஆராயத் தொடங்கினார். அப்பா ஓடிப்போய்ச் சிறுமிகளின் காதைப் பொத்தினார். மேவிஸுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“கிளிஃபோர்ட்! வெளி மனுஷங்க முன்னாடி என்ன பேச்சு இது?”

டெல்மவுத் மக்கள் இன்றும் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். அன்று அந்தக் கடற்கரையில் நடந்த ஒரே அநாகரிகம் அதுதான்.