வெள்ளிக்கிழமை டப்பாவுக்கு வந்த கிராக்கி

தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

கேட்கக் கூடாத நேரம் அது. காலை ஆறு அடித்துப் பத்து நிமிஷம். அந்த நேரத்தில் குக்கர் கழுவிக் கவிழ்ந்திருக்க வேண்டும். மகேஸ்வரி வேப்பம்பட்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருக்க வேண்டும். அவளுக்கு ஆறேகால் ரயில்.

மகேஸ்வரி என் மனைவி. காக்களூரில் ஒயர் கட்டும் கம்பெனியில் பகல் வேலை. எனக்கும் காக்களூர்தான், குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை. அவள் போகும்போது நான் வருவேன், நான் போகும்போது அவள் வருவாள். இருபது வருஷத்தில் இவங்க சண்டை போட்டே பார்த்ததில்லை என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். நேரம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனால் ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கரண்டி.

"இந்த மாசம் ரெண்டு வாட்டி லேட்டாயிட்டேன்" என்றாள். "இன்னொரு வாட்டி வந்தா வேற ஆளப் போட்டுக்குறேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். இன்னிக்கிப் போச்சுன்னா நாளிக்கி நான் ஊட்டுலதான்."

வண்டியில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்கு விரட்டினேன். அன்றைக்கு ரயிலும் லேட். அதனால் பிழைத்தாள்.

படியேறப் போனவளிடம் வீரமாக ஒன்று சொன்னேன். "வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து காலைல நீ அடுப்பே பத்த வெக்க வேணாம்."

"ஏன், கேஸ் தீந்துடுச்சா?"

இந்த அம்மாவுக்கு என் மேல் இருக்கும் நம்பிக்கை எப்போதும் இப்படித்தான்.

என் திட்டம் சுலபமானது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஆறு நாளுக்குச் சமைப்பது. ஆறவைத்து, டப்பாவில் அடைத்து, ஃப்ரீசரில் ஏற்றுவது. சோறு மட்டும் நான் வேலைக்குக் கிளம்பும் முன் வடித்துவிடுவேன். காலையில் அவள் டப்பாவை எடுத்தாள், பையில் போட்டாள், போனாள்.

இதைச் சாதாரண ஆள் சொன்னால் சந்தேகப்படலாம். நான் குளிரைக் கரைத்துக் குடித்தவன். பத்தாவதோடு நின்றவன்தான், ஆனால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கம்ப்ரஸர் கையேடுகளை அகராதி வைத்துப் படித்துத் தேறியவன். கிடங்கில் மைனஸ் பதினெட்டு டிகிரி ஒரு டிகிரி ஏறினாலும் எனக்கு முதுகுத்தண்டில் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு வீட்டில் ஒற்றைக் கதவு பழைய ஃப்ரிட்ஜ் எம்மாத்திரம்.

டேப் வைத்து ஃப்ரீசரை அளந்தேன். காகிதத்தில் படம் வரைந்தேன். நாளுக்கு மூன்று வீதம் பதினெட்டு டப்பா கொள்ளும். குழம்பு ஒன்று, கீரை ஒன்று, தக்காளித் தொக்கு ஒன்று. பிரியாணி வந்த டப்பா, ஸ்வீட் வந்த டப்பா எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கிக் கழுவினேன். மூடியில் மார்க்கரால் திங்கள், செவ்வாய் என்று கிழமை எழுதினேன். கிடங்கில் லாட் நம்பர் போடுவோம், அந்தப் பழக்கம்.

செலவும் கம்மி. சனிக்கிழமை சந்தை கலைகிற நேரத்தில் போனால் கத்திரிக்காயும் மொச்சையும் கூவிக் கொடுப்பார்கள். முருங்கைக்கீரை வாசலிலேயே மரம். பழவேற்காட்டுக் கருவாடு பையில் தூங்குகிறது. கருவாட்டுக் குழம்பு மாதிரி கெடாமல் நிற்கிற பதார்த்தம் உலகத்தில் உண்டா?

சனிக்கிழமை சாயங்காலம் கேஸ் தீர்ந்தது.

கேஸ் தீந்துடுச்சா என்று கேட்டாளே, அந்த அம்மாவுக்கு நாக்கு அப்படி.

நான் அசரவில்லை. எப்படியும் வீட்டுக்குள் கருவாடு வேகக் கூடாது என்பது மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனரின் சட்டம். வெளியே வேப்ப மரத்தடியில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மூட்டலாம் என்று முடிவு செய்தேன். பாத்திரத்துக்கு வாடகைக் கடைக்குப் போனேன். இருந்ததிலேயே சின்னது ஒரு அண்டா. அதற்குள் ஒரு ஆள் குளிக்கலாம்.

"கம்மியா வெச்சா அடிப் புடிச்சிடும்ண்ணே" என்றார் கடைக்காரர். "முக்கா அண்டாவாச்சும் வைங்க."

முக்கால் அண்டா வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகேஸ்வரி அரை நாள் ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். நான் தலையில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு புகையில் கண்ணைத் தேய்த்தபடி கிளறினேன். பத்து மணிக்கெல்லாம் குழம்பு தளதளவென்று வந்துவிட்டது. கீரை ஒரு சட்டி, தொக்கு ஒரு சட்டி. பதினெட்டு டப்பாவிலும் ஊற்றி வாசல் பெஞ்சில் வரிசையாக ஆறவைத்தேன்.

ஏன் ஆறவைத்தேன்? சூட்டோடு உள்ளே வைத்தால் கம்ப்ரஸர் கஷ்டப்படும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. படிக்காதவனாக இருந்திருந்தால் அப்படியே உள்ளே தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டு பத்மாக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அண்டாவைப் பார்த்தார். கல் அடுப்பைப் பார்த்தார். வேப்ப மரத்தைப் பார்த்தார். என் மஞ்சள் துண்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்த சொன்னியா நைனா? இத்தினி வருசத்துல இப்பதான் உனுக்கு அம்மன் கண்ணத் தொறந்துகீறா."

"என்னக்கா?"

"ஆடி ஞாயித்துக்கெழம கூழு ஊத்துறியே, அதான்."

அப்போதுதான் எனக்கு ஆடி மாதம் என்பதே உறைத்தது.

ராத்திரி வேலை பார்ப்பவனுக்குக் கிழமையே தகராறு. மாசம் எங்கே தெரியும்? கிடங்குக்குள் பன்னிரண்டு மாசமும் மார்கழிதான். தெருவில் மைக் செட் பத்து நாளாக அலறிக்கொண்டுதான் இருந்ததாம். பகலில் தூங்குகிறவன் காதில் பஞ்சு இருக்கும்.

ஆடி ஞாயிறு, வேப்ப மரத்தடி, மூன்று கல் அடுப்பு, வாடகை அண்டா, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. எங்கள் பக்கத்தில் கூழ் ஊற்றுவதற்கு இதற்கு மேல் ஒரு பொருள் தேவையில்லை. கூழைத் தவிர.

"அக்கா, இது கூழுக்கு இல்லக்கா. ஃப்ரீசர்ல வைக்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஆடி மாசத்துல, அடுப்பாண்ட நின்னுகினு ஃப்ரீசர் பொட்டி பேச்சு பேசற. ஊட்ல யாருனா படுத்துனு கீறாங்களா?"

"இல்லக்கா, நம்ம ஃப்ரிட்ஜு..."

"வாயக் கழுவு மொதல்ல."

நான் வாய் கழுவப் போனேன். அதுதான் தப்பு. திரும்பி வருவதற்குள் அண்டா கழுத்தில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. மஞ்சள் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அக்கா கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டிவிட்டால் குழம்பு அம்மனுடையது. அம்மனுடையதை எடுத்து ஃப்ரீசரில் பூட்டிக்கொண்டவன் அப்புறம் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

"கூழு எங்கடா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"கொழம்பு மட்டும் ஊத்தறானாம். இன்னா ஆளுடா நீ." அவர் வீட்டில் அன்றைக்குப் படையலுக்காகக் கரைத்துக் காய்ச்சியிருந்த கூழ் பானை மதிலைத் தாண்டி வந்தது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு படி கேழ்வரகு மாவு வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இரண்டு படி. யார் கூழ் ஊற்றினாலும் மாவு கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அரை மணி நேரத்தில் என் வாசலில் ஒரு மூட்டை மாவும், தூக்குவாளியோடு ஒரு தெருவும் நின்றன.

ஆட்டோ ஓட்டும் தாமஸ் முதல் ஆளாக வந்தான்.

"நீ சர்ச்சுக்குப் போறவனாச்சேடா" என்றேன், ஒரு டப்பாவாவது மிஞ்சாதா என்ற ஆசையில்.

"போய்ட்டுதாண்ணே வர்றேன். சர்ச்சுல கருவாடு குடுக்கல." பெஞ்சைப் பார்த்தான். "டப்பா வேற ரெடியா கீது. பார்சலா? செம்ம ஐடியாண்ணே."

"அது பார்சல் இல்லடா. அது திங்கக்கிழமைக்கு..."

"ஆமா, திங்கள்னுதான் எழுதிக்கீது." மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு நடந்ததுதான் நான் எந்தக் கையேட்டிலும் படிக்காதது. டப்பாவில் கிழமை எழுதியிருப்பதை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். எழுதினவன் ஏதோ வேண்டுதலோடுதான் எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"எனுக்கு வெள்ளிக்கெழம குடுப்பா. அம்மன் கெழம."

"நான்தான் மொதல்ல கேட்டேன். எனுக்கு ஏற்கெனவே புதன் குடுத்துட்டாரு, மாத்திக் குடுங்க சார்."

"செவ்வா இருக்கா, செவ்வா? எம் பொண்ணுக்கு செவ்வா தோஷம்."

வெள்ளிக்கிழமை டப்பாவுக்கு இரண்டு பேர் இழுத்துக்கொண்டதில் மூடி ஒருத்தரிடமும் டப்பா ஒருத்தரிடமும் போனது. கருவாடு வீட்டுக்குள் வேகக் கூடாது என்று சட்டம் போட்ட ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து சொம்போடு இறங்கி வந்தார். "வியாழன் இருந்தா ஒண்ணு குடுங்க, குரு பார்வை" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை டப்பா மூன்றையும் எவனும் எடுக்கவில்லை. ஒரு அம்மா கை வைத்துவிட்டு, எழுத்தைப் படித்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மகேஸ்வரி வந்தாள். தெருமுனையிலிருந்தே வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். மூச்சு வாங்க ஓடி வந்தவள், நான் மஞ்சள் துண்டோடு கரண்டி பிடித்து நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த முகத்தில் இருந்த பயம் வடிவதை நான் பார்த்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள் போல.

"இன்னாங்க இது?"

"கூழ் ஊத்தறேன்."

"நாளிக்கி எனுக்கு சாப்பாடு ரெடியா கீதுன்னு சொன்னீங்க. திங்கக்கிழம டப்பா எங்க?"

"தாமஸ் ஆட்டோல போயிடுச்சு."

"செவ்வா?"

"தோஷத்துக்குப் போயிடுச்சு."

"புதன்?"

"மாத்தி மாத்திக் குடுத்ததுல யார்கிட்ட இருக்குன்னு தெரியல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பகல் வெளிச்சத்தில் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும்.

சிரித்து முடித்துவிட்டு மாவு மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தாள். "இத்தினி மாவு வந்துகீதே. கரைச்சுப் புளிக்க வெச்சு ஒரு பானை காச்சினா ரெண்டு நாளிக்கித் தாங்கும். பாட்டில்ல ஊத்திகினு, வெங்காயம் கடிச்சிகினு போயினே இருப்பேன். காலைல அடுப்பே வேணாம்." அப்புறம் என்னைப் பார்த்து, "ஃப்ரீசரும் வேணாம்" என்றாள், ரொம்ப மரியாதையாக.

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கினேன். எதிர் பிளாட்பாரத்தில் மகேஸ்வரி நின்றிருந்தாள். மணி ஆறு ஐந்து. தலை வாரியிருந்தாள், பூ கூட வைத்திருந்தாள். தோள்பையில் கூழ் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் ஒரு ரயிலைக்கூட விடவில்லை. வேற ஆள் பேச்சையே சூப்பர்வைசர் எடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். "உப்பு கம்மி. மாவு புளிக்க வெச்ச பானையை ஊறப் போட்டுகீறேன், போய்த் தேய்ச்சிடுங்க."

கம்ப்ரஸர் இல்லாமல், கையேடு இல்லாமல், கிழமை எழுதாமல் சாப்பாட்டைக் காப்பாற்ற ஒரு பானை போதும் என்பதை நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன்.