டப்பா டிரைவரும் உருகாத குழம்பும்

பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஸ்ட் புட் கடை போட்டிருக்கும் என் நாத்தனார் புருஷன் பொய் சொல்கிறார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு டப்பா டிரைவர்தான் காரணம் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியவர் அவர். மாதக்கணக்காகிறது, அதை அழிக்கவில்லை. போன வாரம், 'அந்த ஆள் பயந்துகினு ஊரை விட்டே ஓடிட்டான்' என்று வேறு சேர்த்திருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நாசூக்காக எழுத வராது.

டப்பா டிரைவர் மாதிரி மோசமாகச் சமைக்கிற ஆளை ஆரணி பார்த்ததில்லை. அவர் மாதிரி சமையல் சொல்லிக்கொடுக்கிற ஆளையும் பார்த்ததில்லை.

நான் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஆரணிக்கு வந்து பொம்பளைகளை அள்ளிக்கொண்டு போகும். அதை ஓட்டியவர் அவர். படவேட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். ஆரணியில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தார். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வாரம் முழுவதுக்கும் சமைத்து, டப்பா டப்பாவாக பிரீசரில் அடைத்துவிடுவார். காலையில் ஒன்றைக் கல் மாதிரி எடுத்துவந்து எஞ்சின் மூடி மேல் வைப்பார். செய்யாறு போய்ச் சேர்வதற்குள் அது உருகிச் சூடாகியிருக்கும். ரோட்டுப் பள்ளங்கள் அதை நன்றாகக் கலக்கியும் கொடுத்துவிடும்.

ஒரு நாள் பின் சீட்டுக்காரி ஒருத்தி அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இது சாம்பாரா ரசமா என்று தெரியாமல் முழித்தாள்.

"இன்னாண்ணா இது?"

"செவ்வா" என்றார்.

அவ்வளவுதான். அவருடைய சாப்பாட்டுக்குப் பெயர் கிடையாது, கிழமை மட்டும்தான். திங்கள் பழுப்பாக இருக்கும். செவ்வாய் கொஞ்சம் மஞ்சள். வெள்ளிக்கிழமையை நாங்கள் கண்கொண்டு பார்க்க மாட்டோம்.

அவருக்கு இருந்த ஒரே வெறி நேரம். யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். பஸ் லேட்டானால் கம்பெனியில் அவரைத்தான் நிற்கவைத்துத் திட்டுவார்கள். நாங்கள் லேட்டாவதற்குக் காரணமோ அடுப்பு. ஓடிவந்து ஏறுகிறவளை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாலே, இன்றைக்குக் கெடுத்தது இட்லியா, குழம்பா என்று சொல்லிவிடுவார்.

இருந்ததிலேயே மோசம் நான். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் தறி. என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். எட்டடி தள்ளி இருக்கிற கேஸ் அடுப்பை மட்டும் பற்றவைக்கத் தெரியாது. மாமியாருக்கு மூட்டுவலி, நிற்க முடியாது. அதனால் மூன்று வேளைக்கும் நான் ஆக்கி வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய நாட்களில், வேலையை நிறுத்திவிடு என்று மாமியார் சொல்வார். இன்னொரு தடவை லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார். அந்த வேலை எனக்கு வேண்டும். என் கைக்கு என்று வருவது அது ஒன்றுதான்.

சூப்பர்வைசர் அப்படிச் சொன்ன வாரத்தில் ஒரு நாள், ஓடிய ஓட்டத்தில் குழம்புக் கரண்டியோடு பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா கரண்டி? கியர் போடவா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "தெனம் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தா எப்டிம்மா ஜல்தியா வருவ? ஞாயித்துக்கெழம ஒரு நாளு பத்த வை. மிச்ச நாளு சூடு மட்டும் காட்டு. என் பேஜாரும் தீரும்."

எங்கள் மேல் கருணை எல்லாம் இல்லை. பஸ் நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பஸ்ஸில் தினமும் வகுப்பு நடந்தது. வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் வதக்கி ஒரே மசாலாவாகச் செய்துகொள்ள வேண்டும். அதைப் பிரித்து ஒன்றில் காராமணி, ஒன்றில் கொண்டைக்கடலை, ஒன்றில் கோழி. ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பா. ஒரு தடவை சூடு பண்ணியதை மறுபடி உள்ளே வைக்கக்கூடாது. உருளைக்கிழங்கு பிரீசரில் சவசவத்துப் போகும், வேண்டாம். சோறு, ரசம், தாளிப்பு மூன்றும் அன்றன்றைக்கு. குழம்பை அகலமான தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும், ஆறிய உடனே உள்ளே போய்விட வேண்டும். ஏன் சூட்டோடு மூடக்கூடாது என்று ஒருத்தி கேட்டாள். "சூடான எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியில கை வெப்பியா? அப்போ சூடான கொழம்பு மூடிய மட்டும் ஏன் தொட்ற?" என்றார். அவருக்கு எல்லாமே வண்டிதான்.

முதல் வாரம் இரண்டே குழம்பு போதும், ஒரேயடியாக இறங்காதே என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு கிலோ வெங்காயத்தை ஒரே அண்டாவில் வதக்கினேன். புகை கூடம் முழுக்க நின்றது. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. அதை வீட்டுக்காரர் முடித்து எடுத்துக்கொண்டு போனபோது பட்டு முதலாளி மூக்கில் வைத்துப் பார்த்து, "இன்னாப்பா, பார்டர்ல வெங்காயம் போட்டியா?" என்று கேட்டாராம். வெயில் படாமல் காற்றில் தொங்கவிட்டு, ஊதுபத்தி காட்டி, எப்படியோ புடவை தேறியது. இனிமேல் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையல் கிடையாது என்றார் வீட்டுக்காரர்.

அழாத குறையாக டிரைவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "வண்டி பொக விட்டா ஷெட்டுக்கு வெளிய நிறுத்துவோமா இல்லியா? அடுப்ப மாடிக்குத் தூக்கிகினு போ" என்றார்.

தூக்கிக்கொண்டு போனேன். மூன்று ஞாயிறு போனதும் எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அண்டாக்களும் ஏறிவிட்டன. பிறகு அடுப்பால் நான் ஒரு நாள்கூட பஸ்ஸை விடவில்லை. நான் ஓவர்டைம் முடித்து கம்பெனியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவேன், மாமியார் கஞ்சியோடு படுத்துவிடுவார்; அதனால் ராத்திரி டப்பாவை எடுத்துச் சுடவைப்பது வீட்டுக்காரர் வேலை. அடுப்பு பற்றவைக்கவும் கற்றுக்கொண்டார். முதல் நாள் நெருப்பைப் பார்த்து அவர் பின்வாங்கியதை இங்கே எழுத மாட்டேன். குடும்பம் நடத்த வேண்டும்.

இதில் நஷ்டம் ஒருவருக்குத்தான். அதற்கு முன்னால், நான் வேலைக்குப் போகும் நாட்களில், காலையில் ஆக்கியது ஆறிப்போச்சு என்று என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாட்டுக்குப் போவது என் நாத்தனார் புருஷன் கடைக்கு. அது நின்றுபோனது.

ஒரு புதன்கிழமை ராத்திரி வீட்டுக்காரருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். முதலில் வந்து நின்றவர் நாத்தனார் புருஷன்தான். வாரம் பூரா ஐஸ் பெட்டியில் செத்த சோற்றைப் போட்டால் இப்படித்தான் என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். அங்கே நின்றபடியே குரூப்பிலும் எழுதினார். நாளையிலிருந்து நீ வேலைக்குப் போகவேண்டாம் என்று மாமியார் முடித்துவிட்டார். என் கையால்தான் இப்படி ஆனதோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

வியாழன் காலை நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. குரூப்பில் படித்த பக்கத்து வீட்டுக்காரி பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னல் எல்லாம் பொம்பளைகள் தலை. யாருக்காகவும் நிற்காத மனுஷன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நேத்து ராவுக்கு இன்னா டப்பாம்மா?"

"கொண்டக்கடலைண்ணா."

"ஏறு" என்றார்.

எங்கள் தெருவுக்குள் பஸ் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு ஓடினார். பிரீசரைத் திறந்தால் புதன்கிழமை டப்பா அங்கேயே இருந்தது. மூடியை யாரும் திறந்திருக்கவில்லை. ஐஸ் பிடித்துச் செங்கல் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலின் இரும்புக் கம்பியில் டொக்கென்று ஒரு தட்டு தட்டினார்.

"இத்த துன்னலன்னா, எத்த துன்ன நைனா?"

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். "மாமா கடைக்குக் கூப்ட்டாரு... பிரைடு ரைஸு."

ஊசி போட வந்த நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள். நான் அந்த டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஜாக்கெட் எல்லாம் ஈரம். அப்பாடா என்று அப்படி ஒரு மூச்சு நான் பிரசவத்தில்கூட விட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலை மாமியார் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். வியாழக்கிழமை லீவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன், சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை வேலைக்குப் போகிறேன்.

அந்த வியாழக்கிழமை பஸ் ஒரு மணி நேரம் லேட். கம்பெனியில் கேட்டதற்கு வண்டி ரிப்பேர் என்றாராம். எங்களில் ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது அவர் தேசூர் பக்கம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். நீங்கள் குரூப்பில் எழுதின மாதிரி ஓடவில்லை அண்ணா. ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டு, நாங்கள் வாங்கிக்கொடுத்த புது டப்பாக்களை வாங்கிக்கொண்டு, உப்புப் பார்த்துப் போடுங்கள் என்று நாங்கள் கத்தியதற்குக் கையை ஆட்டிவிட்டுத்தான் போனார்.

உங்கள் கடைச் சாப்பாடுதான் என் வீட்டுக்காரரைப் படுக்கப்போட்டது என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. அன்று அவர் என் டப்பாவைத் தொடவில்லை, அது மட்டும் நிச்சயம். அது உங்களுக்கு அன்று ராத்திரியே தெரியும். தெரிந்துதான் எழுதினீர்கள். ஏன் எழுதினீர்கள் என்று அதே குரூப்பில், தெரு முழுக்கப் படிக்கும்படி பதில் போடுங்கள். தனியாக எனக்கு போன் பண்ண வேண்டாம், எடுக்க மாட்டேன். உங்களையும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், அவரையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். எனக்காக பஸ்ஸை நிறுத்தியவர் அவர். நீங்கள் பதில் சொல்லுங்கள்.