வீட்டுக் கடனும் நீங்கள் கொடுத்த லேமினேஷன் மிஷினும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் தங்கையும் நலம்தான்; நலமில்லாமல் போனது வீட்டுக் கடனுக்காக நான் சேர்த்து வைத்த காகிதங்கள். உங்கள் வீட்டு அக்காவின் மூட்டுவலியை நிதானமாக விசாரிக்க ஆசைதான், ஆனால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகுவது உங்களுக்குத் தெரியும், போன தடவை உங்கள் தலையிலேயே சொட்டியது. அதனால்தான் பல் டாக்டர் ஒருவர் தன் வீட்டை விற்கிறார் என்றதும் ஓடிப்போய் ஒப்பந்தம் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் மனு கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானும் நாயாய்ப் பேயாய் அலைந்து சம்பளச் சான்று, வரி கட்டிய தாள், ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான் மச்சான். நீங்கள் உங்கள் ஜெராக்ஸ் கடையை மூடியபோது, "சும்மாதானே கிடக்குது, வச்சுக்கோ" என்று தங்கைக்கு ஒரு லேமினேஷன் மிஷின் கொடுத்தீர்களே, அது இங்கே வந்த நாளிலிருந்து சும்மா கிடக்கவில்லை. தடுப்பூசி அட்டை, துணிக்கடை பில், எதையும் விட்டுவைக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் என் காகிதம் அத்தனையும் பிளாஸ்டிக்குக்குள் பளபளக்கிறது, சூடுகூட ஆறவில்லை! "தண்ணி சொட்டுற வீட்டுல இப்படியா போட்டுட்டுப் போவீங்க? நல்லவேளை, நான் பாத்தேன்" என்று உங்கள் தங்கைக்குப் பெருமை வேறு. கடன் விண்ணப்பப் படிவத்துக்கும் உறை போட்டிருக்கிறாள். அதில் நான் இன்னும் கையெழுத்தே போடவில்லை!

வேறு வழியில்லாமல் அப்படியே வங்கிக்குக் கொண்டுபோனேன். கடன் அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டினார். "இதுல எங்க சார் கையெழுத்துப் போடுவீங்க?" என்றார். போட்டுக் காட்டினேன், பேனா வழுக்கிக்கொண்டு போனது. அவர் சீல் வைத்துப் பார்த்தார், அது வழுக்கி அவர் சட்டைக் கையில் பதிந்தது. "இதெல்லாம் செல்லாது சார். எல்லாத்தையும் புதுசா வாங்கிட்டு வாங்க, வெறும் காகிதமா" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆபீஸ் கணக்காளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடி சான்று வாங்கினேன். பல் டாக்டர் நோயாளிகளைத்தான் பார்ப்பாராம், அதனால் நோயாளியாகவே போய் ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்து வாங்கினேன். மனுஷன் சும்மா விடுவாரா, ஒரு பல்லையும் பிடுங்கிவிட்டார். இப்போது அந்தப் புதுக் காகிதங்கள் பீரோவின் உச்சியில், உங்கள் தங்கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. நாளை வெள்ளி. அவளுக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா? அண்ணனாக நாலு வார்த்தை நறுக்கென்று கேளுங்கள், கையோடு வந்து அந்த மிஷினையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இன்று வெள்ளி. காலையில் கடன் அதிகாரி விலாசம் சரிபார்க்க எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், பீரோவுக்கு மேலே கூரை பொத்துக்கொண்டு மழை கொட்டியது. புதுக் காகிதமெல்லாம் கூழ். அவரும் தொப்பலாக நனைந்துவிட்டார். உங்கள் தங்கை அந்தப் பிளாஸ்டிக் காகிதங்களைக் கொண்டுவந்து ஒரு துடை துடைத்து நீட்டினாள். ஒரு எழுத்து அழியவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் வங்கிக்குக் கொண்டுபோய் நகல் எடுத்து, "அசலைப் பார்த்தேன்" என்று எழுதிச் சீல் வைத்து, வேறு படிவத்தில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். மனு உள்ளே போய்விட்டது மச்சான், வீடு நமக்குத்தான்! சாயங்காலம் அந்த அதிகாரியே தன் வீட்டுப் பத்திரங்களையும் ஒரு பையில் கொண்டுவந்து உங்கள் தங்கையிடம் கொடுத்திருக்கிறார். ஆகவே மிஷினைத் தூக்க வரவேண்டாம். அதற்குப் போடும் பிளாஸ்டிக் உறைகள்தான் தீர்ந்துவிட்டன, உடனே அனுப்புங்கள். அவளைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று கடிதத்தை எடுத்தேன். பேனா வழுக்குகிறது. கடைசி உறை எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் இந்தப் பி.கு. தனிச் சீட்டில்.