ஏழு வெள்ளை வேட்டியும் ஒரு சிவப்புத் தரையும்

எங்கள் குடும்பத்தில் எல்லா விஷயத்துக்கும் என்னிடம் யோசனை கேட்பார்கள். பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது, பழைய காரை விற்கலாமா வைத்துக்கொள்ளலாமா, மூட்டுவலிக்கு எந்த டாக்டர் என்று எதற்கெடுத்தாலும் நான்தான் பெரிய மனிதன். ஆனால் யாராவது வீடு கட்டி, தரைக்கு என்ன போடலாம் என்று பேச்சு எடுத்தால் போதும். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு டக்கென்று நின்றுவிடும். "காபி குடிச்சீங்களா மாமா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் மழை வருமா என்று ஜன்னலைப் பார்ப்பார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தரை விஷயத்தில் என் யோக்கியதை அப்படி.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்து நாலு வயது. கோயமுத்தூரில் ஒரு மில்லில் குமாஸ்தா வேலை. (உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது. அந்த நோய் பிறகு குணமாகிவிட்டது.) துடியலூரில் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஐயன் புது வீடு கட்டி, நாங்கள் குடியும் வந்துவிட்டோம். எங்கள் பக்கம் அப்பாவை ஐயன் என்றுதான் சொல்வோம். சுவர், கூரை, கதவு எல்லாம் ஆகிவிட்டது. முன்னால் இருந்த பெரிய அறைக்கு மட்டும் தரை போடவில்லை, வெறும் ஜல்லிதான். ஐயனுக்கு அது ஆசாரம். நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்த எனக்கு அது ஹால்.

தரைக்கு என்ன போடுவது என்பதில் வீட்டில் நாலு பேர், நாலு கட்சி.

"சாதா சிமிண்டு போட்டாப் போதும். தண்ணி ஊத்துனா ஓடோணும். அதுக்கு மேல தரைக்கு என்னடா வேலை இருக்குது?" என்றார் ஐயன்.

அம்மாவுக்குக் கடப்பாக்கல் வேண்டும். வெயில் காலத்தில் சில்லென்று இருக்கும், மத்தியானம் கொஞ்ச நேரம் தலையைச் சாய்க்கலாம் என்பது அவள் கணக்கு. தங்கச்சி சரசு மொசைக் கேட்டாள். "சில்லுச் சில்லாக் கெடக்குமுங்கண்ணா. குழம்பு கொட்டுனாலும் தெரியாது, சாம்பல் கொட்டுனாலும் தெரியாது. தெனமும் தொடைக்கறவளுக்குத்தான அந்த அருமை தெரியும்?" என்றாள். இப்போது யோசித்தால், மூன்று பேரும் சொன்னது நியாயம். நியாயமில்லாதவன் ஒருவன்தான் இருந்தான். அவன் பேச்சுதான் எடுபட்டது.

நடந்தது இதுதான். ஒரு நாள் கையெழுத்து வாங்க எங்கள் மேனேஜர் பங்களாவுக்குப் போனேன். அங்கே ஹாலில் சிவப்புச் சிமெண்டுத் தரை. குனிந்தால் முகம் தெரிந்தது. மேனேஜர் வரும்வரை அந்தத் தரையைப் பார்த்தே தலை சீவி, வகிடும் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஹாலிலும் முகம் தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சரசுவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வரன் வந்தது. கொப்பரை வியாபாரம், நல்ல குடும்பம். பையன் பெயர் பாலு. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் அவரைச் சரசு ஏற்கனவே பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் என்னிடம் வந்து, "அண்ணா, இந்த எடம் ஆயிருச்சுன்னா எனக்குச் சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அதுவரை அவள் என்னிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொள்ளாச்சிக்காரர்கள் வந்து அசந்துபோகிற மாதிரி ஒரு தரையைப் போட்டுக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டேன். (அசந்துதான் போனார்கள்.)

மேஸ்திரி மாரப்பனைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "செவப்புத் தரை போடலாமுங்க தம்பி. போட்டு ஒரு பதினஞ்சு நாள் தண்ணி நிறுத்தோணும். பொறவு ஒரு மாசம் காயோணும். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமாத் தேங்கா எண்ணெ போட்டுத் தேச்சாத்தான் மினுமினுப்பு வருமுங்க."

"வர்ற வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளிக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க மேஸ்திரி. பத்தே நாள்தான்."

"பாக்கலாமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் பிறந்தவன் எவனுக்கும் தெரியும், 'பாக்கலாமுங்க' என்று ஒருவர் சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம். முகத்தில் அடித்தமாதிரி 'முடியாது' என்று சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தேவையான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

"சாயப்பொடியை ஒண்ணுக்கு மூணாப் போட்டா நெறம் சீக்கிரம் புடிக்குமுங்களா?"

"போடலாமுங்க. நீங்க படிச்சவங்க" என்றார் மேஸ்திரி. அதற்கு மேல் அவர் எப்படித்தான் மறுப்பார்? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், குழைத்து வைத்திருந்த கலவையில் மிச்சப் பொடி முழுவதையும் நானே கொட்டிக் கிளறிவிட்டேன்.

தரை அஞ்சே நாளில் நடக்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டது. நிறமென்றால் அப்படி ஒரு நிறம். வியாழக்கிழமை ஒரு படி தேங்காய் எண்ணெயைக் கொட்டி, முழங்காலில் நின்று முழு ஹாலையும் தேய்த்தேன். முகம் தெரிந்தது! சிவந்த முகம்தான், ஆனால் தெரிந்தது.

அம்மா கையில் ஒரு துணியோடு வந்து நின்றாள். "ஏங்கண்ணு, தொடைக்கற துணியெல்லாஞ் செவந்து போகுது?"

"புதுசுங்கம்மா. அப்புடித்தான் இருக்கும்" என்றேன். மேனேஜர் பங்களா பார்த்தவனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பிளஷர் கார்களில் வந்து இறங்கினார்கள். ஏழு ஆண்கள், நாலு பெண்கள். பெண்கள் நல்ல அடர் நிறத்தில் பட்டுக் கட்டியிருந்தார்கள். (கடவுள் அந்த மட்டும் காப்பாற்றினார்.) ஆண்கள் ஏழு பேரும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து மாமா. நல்ல கனத்த சரீரம். அவர் நடந்து வரும்போதே கொப்பரை மண்டி ஒன்று நடந்து வருவதுபோல் இருந்தது.

வாசலில் சொம்பில் தண்ணீர் கொடுத்தோம். பதினொரு பேரும் கால் கழுவினார்கள். ஈரக்காலோடு ஹாலுக்குள் வந்தார்கள். அங்கேதான் விதி எங்கள் வழக்கத்தின் உருவத்தில் காத்திருந்தது. எங்கள் பக்கம் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்டாக வேண்டும். ஒரு ஆளை விட்டுவிட்டால் தீர்ந்தது. மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சித்தப்பா, அத்தை எல்லாரும் சேர்த்து ஒன்பது பேர். வந்தவர்கள் பதினொரு பேர். "வாங்க மாமா", "வாரமுங்க", "வாங்க அத்தை", "வாரேன் கண்ணு" என்று சுற்றிச் சுற்றி நடந்த அந்த மரியாதை முடிகிற வரை, பதினொரு ஜோடி ஈரக்கால்கள் என் சாயத்தையும் எண்ணெயையும் நன்றாக ஊறவைத்துக்கொண்டிருந்தன.

"உக்காருங்க, உக்காருங்க" என்று ஐயன் நாற்காலியைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிவந்த பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நாச்சிமுத்து மாமா ஒரு எட்டு வைத்தார். இரண்டாவது எட்டு அவர் வைக்கவில்லை, தரையே வைத்துக்கொண்டது. சர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மாமா தரையில் உட்கார்ந்திருந்தார்.



"ஏனுங்க, அடிகிடி பட்டுப்போச்சுங்களா?" என்று ஐயன் பதறினார்.

"அடியா? எனக்கா? நல்லாச் சொன்னீங்க போங்க! தரையப் பாத்தனுங்க, சில்லுன்னு இருக்கறமாட்டத் தெரிஞ்சுது. அதான் உக்காந்துட்டேன். நமக்கு இந்த நாற்காலியெல்லாம் ஒத்து வராதுங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டுச் சம்மணம் வேறு போட்டுக்கொண்டார்.

பெரியவர் கீழே உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் எப்படி நாற்காலியில் உட்காருவார்கள்? "எங்களுக்கும் தரைதானுங்க சௌகரியம்" என்று அந்த ஆறு பேரும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்கள். பெண்கள் விரித்த பாய்க்குப் போய்விட்டார்கள். ஒறம்பரை தரையில் இருக்க நாங்கள் நாற்காலியில் இருக்க முடியுமா? நாங்களும் உட்கார்ந்தோம். பன்னிரண்டு நாற்காலியும் எங்களை வேடிக்கை பார்த்தன.

சரசு காபித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கொடுத்தாள். மாப்பிள்ளை மட்டும் இடது கையை இறுக்க மூடி மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் டம்ளரை எடுத்தார். கடைசிவரை அந்தக் கை திறக்கவில்லை. ஐயையோ, அப்பாவை வழுக்கிவிட்ட கோபத்தில் முஷ்டியை மடக்கிவிட்டார், சம்பந்தம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு மணி நேரம் மழை, மஞ்சள் விலை, மாட்டுச் சந்தை எல்லாம் பேசிவிட்டு, "போயிட்டு வாரமுங்க" என்று எழுந்தார்கள். திரும்பினார்கள்.

ஏழு வெள்ளை வேட்டி. ஏழிலும் பின்பக்கம் ஆளுக்கொரு தோசைக்கல் அளவுக்குச் செக்கச்செவேலென்று வட்டம்.

வரிசையாக நடந்து போனார்கள். நாங்கள் ஒன்பது பேரும் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டு நின்றோம். (எங்கள் பின்பக்கமும் அதே கதிதான், ஆனால் அது சுவரைப் பார்த்திருந்தது.) ஐயன் என் காதில், "டேய், போய்ச் சொல்லுடா" என்றார்.

"என்னன்னுங்க சொல்றது?"

"அதான்... பின்னால..."

"நீங்களே சொல்லிப்போடுங்கய்யா!"

மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, உங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று சொல்வதற்கு எங்கள் மொழியில் மரியாதையான வார்த்தை எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே கார் போய்விட்டது. காந்திபுரத்தில் இறங்கிப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள் என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். (நாற்காலியில்தான்.)

அடுத்த நாலு நாளும் நான் சோறு உண்ட மாதிரி எனக்கு ஞாபகமில்லை. ஐயன் வருவார். தரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வெளியே போய்விடுவார். தங்கச்சி முதல்முதலாக ஒன்று ஆசைப்பட்டாள், அதை நானே கெடுத்துவிட்டேனே என்று மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். அங்கே வந்து நின்ற சரசு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆகுமுங்கண்ணா. நீங்க சும்மா இருங்க" என்றாள். பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அஞ்சாம் நாள் மாப்பிள்ளை பாலு பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"அப்பா உறுதி வார்த்தைக்கு நாள் பாத்துட்டாருங்க மாமா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நகையா, நிலமா, என்ன கேட்கப்போகிறார்களோ என்று ஐயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொல்லுங்க மாப்ள."

"உறுதிய வாசல்லயே பந்தல் போட்டு வெச்சுக்கலாமுங்களான்னு கேட்டாருங்க."

அதன் பிறகுதான் காந்திபுரத்துக் கதை வெளியே வந்தது. ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர், "ஏனுங்க, எல்லாரும் சேந்தாப்புல எந்தக் கோயலுக்கு வேண்டுதலுங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் நாச்சிமுத்து மாமா தன் தம்பியின் வேட்டியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகு தடவித் தன்னுடையதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கோபப்படவில்லையாம். விழுந்து விழுந்து சிரித்தாராம். "ஒம்போது பேரு நின்னு பாத்துருக்கறாங்க, ஒருத்தராவது வாயத் தொறந்தாங்களா பாரு! இத்தனை மரியாதை தெரிஞ்ச ஊட்ல பொண்ணெடுக்காம வேற எங்கடா எடுக்கறது?" என்றாராம்.

சரசு ஏன் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதை அன்று சாயங்காலம்தான் என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை உட்காரும்போது இடது கையைத் தரையில் ஊன்றியிருக்கிறார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. இவள் காபியோடு குனிந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். இவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். உடனே கையை மூடிக்கொண்டு, லேசாகச் சிரித்திருக்கிறார். எங்கள் வீட்டு மானம் போகக்கூடாது என்று ஒரு மணி நேரம் அந்தக் கையைத் திறக்கவே இல்லை. "அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கண்ணா" என்றாள் சரசு. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அந்தத் தரையை அம்மா ஒரு வருஷம் விடாமல் துடைத்தாள். சிவப்புத் தண்ணீரை வாளி வாளியாகத் தென்னைக்கு ஊற்றினாள். சாயம் போக வேண்டியதெல்லாம் போன பிறகு, மேஸ்திரி மாரப்பன் சொன்ன மினுமினுப்பு தானாகவே வந்தது. கடைசியில் எங்கள் வீதியிலேயே நல்ல தரை எங்களுடையதுதான். அம்மா அதில்தான் மத்தியானத் தூக்கம் போட்டாள். ஆனால் அதைச் சொன்னால் இன்றைக்கு யார் நம்புகிறார்கள்?

போன மாதம் சரசுவின் மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். ஹாலில் பளபளவென்று டைல்ஸ். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "தரை நல்லாத்தான் இருக்குது. ஆனா என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்தேன்.

எதிரே பாலு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர், இடது கையை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அவர் மகன் கையை மூடினான். மருமகள் மூடினாள். பேரன் பேத்திகள், ஐந்து வயதுப் பொடிசு வரை, ஹால் முழுக்க இடது கையை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

சரசு மட்டும் எழுந்து வந்தாள். "காபி குடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டு என் கையில் டம்ளரைக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.