அடுத்தவர் ஓட்டில் ஒரு ஓவியக் கூடம்

இந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். ஊருக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதில் அவரைவிட உறுதியானவர் கிடையாது. அது மற்றவர்களுடைய ஓட்டில் நடக்க வேண்டும் என்பதிலும் அவ்வளவே உறுதி. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் தெருவில் அவர் பெயர் கிளாரன்ஸ் டுபிட்ஸ்கி.

கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைதோறும் மனைவி டோரீனோடு மாவட்ட ஓவியக் கூடத்துக்குப் போவார். வாசலில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் போதும், மாவட்டத்துக்காரர்களுக்கு டிக்கெட் இல்லை. டோரீன் மாடியில் ஓவிய வகுப்புக்குப் போய்விடுவாள். அந்த வாரத்தில் அவள் சிரிக்கும் நாள் அதுதான். கிளாரன்ஸ் கீழே, பனி மூடிய ஒரு பாலத்தின் படத்துக்கு எதிரே, பெஞ்சில் உட்காருவார். அறை கதகதப்பாக இருக்கும், காப்பி குடிக்கும்படி இருக்கும், புல் வெட்டச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பத்து வருஷத்தில் அந்த பெஞ்ச் அவருடையதாகிவிட்டது. ஒருமுறை வெளியூர்க்காரர்கள் இருவரை எழுப்பியும் விட்டிருக்கிறார்.

இதெல்லாம் நடப்பது வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் ஒரு சின்ன வரியில். வருஷத்துக்கு ஒரு பீட்சா விலை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டு அதை நீட்டிக்க வேண்டும். அந்த ஆகஸ்ட் மாதம் ஓட்டு வந்தது.

"நான் கலைக்கு எதிரி இல்லை" என்று கிளாரன்ஸ் சொல்ல ஆரம்பித்தார். இந்த வாக்கியம் காதில் விழுந்தால் கலை எங்காவது போய் ஒளிந்துகொள்வது நல்லது. வீட்டு முன் புல்தரையின் இடது பக்கம் 'ஆம்' என்ற பலகையை டோரீன் நட்டாள். வலது பக்கம் 'இல்லை' என்ற பலகையை இவர் நட்டார். இரண்டுக்கும் சேதமில்லாமல் சுற்றிப் புல் வெட்டினார்.

"ஏன் மனுஷா, வியாழக்கிழமை ஆனா எனக்கு முன்னாடி நீதான் கார்ல உக்காந்திருக்க. அப்புறம் எதுக்கு இந்தப் பலகை?"

"அது தானா ஜெயிச்சுரும் டோரீன். எப்பவும் ஜெயிக்குது. நாலு பேரு வேணாம்னு சொன்னாத்தான் கூடத்துக்காரங்களுக்கு ஒரு பயம் இருக்கும்."

"தோத்துட்டா என் வகுப்பு?"

"எப்படித் தோக்கும்? ஊர்ல அத்தனை பேருமா முட்டாளு?"

ஓட்டுச்சாவடியான சர்ச் கூடத்தில், வாக்குச்சீட்டில் 'இல்லை'க்கு நேரே இருந்த வட்டத்தைப் பொறுமையாகக் கறுப்பாக்கினார். அங்கே கொடுத்த 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டார். எதிர்த்த பெருமையும் வேண்டும், இலவச வாசலும் வேண்டும். இந்த இனத்துக்கு இதைவிட ருசியான சாப்பாடு உண்டா?

நாற்பத்தோரு ஓட்டில் வரி தோற்றது.

"எந்தப் பாவிடா வேணாம்னு போட்டான்?" மறுநாள் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தில் கிளாரன்ஸ் கத்தினார். கூட்டாளி நார்ப் கையிலிருந்த பந்தையே உற்றுப் பார்த்தார்.

"நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன்."

"அடப்பாவி! உன் பொண்ணு கல்யாண போட்டோவே அந்தக் கூடத்துப் படிக்கட்டுலதானேடா எடுத்தீங்க?"

"நீ பெரிய யோக்கியனோ? உன் பலகையைத்தான் தினமும் பாக்குறேனே."

"அது சும்மா பயங்காட்ட!"

"நானும் அதுக்குத்தான்!"

விசாரித்ததில், அவர்கள் குழுவில் ஏழு பேரில் ஆறு பேர் பயங்காட்டியிருந்தார்கள். ஏழாமவர் ஓட்டுப் போடவே போகவில்லை. எப்படியும் ஜெயிக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நவம்பரில் ஓவியக் கூடத்தின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி சனி, ஞாயிறு மட்டும், எல்லோருக்கும் டிக்கெட், ஓவிய வகுப்பு இல்லை. ஒரு வியாழக்கிழமை கிளாரன்ஸ் அதை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். உள்ளே காவலர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

டோரீன் வகுப்பை வீட்டுக்கே அழைத்துவிட்டாள். அடுத்த வியாழன் காலை பதினோரு பெண்கள் மடக்கு நாற்காலிகளோடு அவருடைய கராஜுக்குள் நுழைந்தார்கள். கார் பனிக்குப் போனது. கருவிகளெல்லாம் மூலைக்குப் போயின. முன்பெல்லாம் மாடலாக உட்கார ஓவியக் கூடம் ஓர் ஆளை அனுப்பும். இப்போது?

"வந்து உக்காரு, கிளாரன்ஸ்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். வலது கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"ஆமாம்னு ஓட்டுப் போடுற மாதிரி. இன்னும் மேல. அசையாத."

"வலிக்குது, டோரீன்."

"பொறு. வெர்னா வரைஞ்சு வரைஞ்சு இப்பத்தான் கட்டை விரலுக்கு வந்திருக்கா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை உங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில், "லிஃப்டைப் பழுது பார்க்கப் பணம் போடலாமா? சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்று செயலாளர் கேட்கும்போது, உங்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள். மடியில்தானே? ஐந்தாவது மாடிக்காரர் தூக்குவார் என்று இருக்கிறீர்கள். அவர் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.