பாப்பம்மா ஏத்தத்தில் ஏறிய பாப்பம்மா நானே

ஞாயிறு மலர் ஆசிரியர் தம்பிக்கு, சுங்கைப் பட்டாணியிலிருந்து பாப்பம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். இதைப் படித்து முடிக்கும்வரையாவது நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

அறுபத்து மூன்றாம் வருடம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்த இந்தக் கதையின் ஆட்கள்: வேலை வாங்கும் மண்டோர் இருளப்பன், குதிரை பார்க்கும் முனியாண்டி அண்ணன், என்னோடு மரம் சீவிய பிச்சையம்மா, தோட்டத்துத் துரை, துரையின் சிவப்புக் குதிரை, நான். இதில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி.

போன வாரம் சொல் விளக்கம் போட்டீர்கள். "பாப்பம்மா ஏத்தம்: சேணம் இல்லாமல் குதிரை ஏறுதல். வழக்கொழிந்த தோட்டச் சொல். பாப்பம்மா என்பது குதிரையேறும் காவல் தெய்வம் என்கிறார் பெரியவர் தேவன்." தம்பி, அந்தத் தெய்வம் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு இப்போது உங்களுக்குக் கடிதம் எழுதுகிறது. பெரியவர் என் கொழுந்தன். அன்று அவனுக்கு ஐந்து வயது, அரைஞாண் கயிறுதான் உடுப்பு.

நடந்ததைக் கேளுங்கள். விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நான் நாலு எட்டு பிந்திவிட்டேன், இருளப்பன் என் பெயரை அழித்துவிட்டு "ஒம் பேரு இல்ல, போய்ப் படு" என்றான், அத்தனை சனமும் பார்க்க. துரையிடம் சொல்லலாமென்றால் பங்களா மேட்டில், அவரோ அலோர்ஸ்டார் கிளம்பும் நேரம். பக்கத்தில் முனியாண்டி அண்ணன் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பால் வாளியைக் கவிழ்த்தேன், ஏறிவிட்டேன். "ஐயோ, சேணம் போடணும் தாயி!" "நீங்க போடுறதுக்குள்ள தொரை பினாங்குக்கே போயிருவாரு அண்ணே!" பிச்சையம்மா ஓவென்று அழுகிறாள். குதிரை துரையின் ரோஜாச் செடிகளை மிதித்துக்கொண்டு பங்களாப் படியில்தான் நின்றது. துரை கையில் தேத்தண்ணியோடு, "என்னா வேணும்?" "எம் பேரு வேணும் தொரை!" நான் இறங்கவில்லை. இறங்கத் தெரியாது என்பது வேறு விஷயம். அன்றே பெயர் ஏறியது. மறுநாள் முதல் தோட்டத்தில் சேணமில்லாமல் யார் ஏறினாலும் பாப்பம்மா ஏத்தம்தான். வழக்கொழிந்ததாமே! என் பேரன் சீட்டு கழன்ற மோட்டார் சைக்கிளில் கூலிம் பேக்டரிக்குப் போகிறான். கேட்டால், "பாப்பம்மா ஏத்தம்லா, பாட்டி" என்கிறான்.

ஆகவே வரும் ஞாயிறே திருத்தம் வரவேண்டும்: பாப்பம்மா பால்மரம் சீவியவள், உயிரோடு இருக்கிறாள். வராவிட்டால் நான் அங்கே வருவேன், பஸ்ஸோ குதிரையோ.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கேட்டதையெல்லாம் எழுதாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
பாப்பம்மா

பின்குறிப்பு: திருத்தம் வேண்டாம் தம்பி. என் குதிரைக் கதை தெரிந்த பிளாட்டுப் பெண்கள் மூன்று பேர், பேப்பரைப் பார்த்துவிட்டு தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறார்கள். ஒருத்தி காலிலேயே விழுந்தாள். தெய்வமாகவே இருந்துவிட்டுப் போகிறேன். தெய்வம் ஆனபின் இருளப்பனையும் மன்னித்தாயிற்று, அவன் என் பெயரைத்தான் அழித்தான். பெயரை விட்டுவிட்டு ஆளையே அழித்த ஒருவனை மட்டும் எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன்: தேவன்.